ஜின் மாப்பிள்ளை எந்த வீட்டில் இருப்பது?

“கலியாணமும் முடிக்கேல்லை, காதலிச்சதும் இல்லை எண்டுறியள். பிறகு காதல் கதையில எது சரி, எது பிழை எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுவியள்?”

என்னை வேலைக்கு எடுக்க முன் தாரணி மிஸ் கேட்ட கடைசிக் கேள்வி இது. அவர் கொழும்பில் அலுவலகத்தில் இருந்தார். நான் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் குசினிக்குள், கைபேசியை அரிசிப் பானையில் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டு முன்மண்டபத்தில் விருந்தாளிகள் இருந்தார்கள்.

“நான் கடலுக்கும் போனதில்ல மிஸ். ஆனா வாப்பாட தோணியக் கரைக்கு இழுக்கிறவங்கட சத்தத்தக் கேட்டே மீன் பட்டிரிக்கா இல்லையா எண்டு செல்லுவன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “திங்கட்கிழமை தொடங்குங்கோ” என்று மட்டும் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஏழு வருடம் வேலை செய்தேன். கைபேசியில் தமிழ்த் தொடர்கதைகள் வெளியிடும் ஒரு செயலிக்கு நான் அத்தியாய வாசிப்பாளர். எழுத்தாளர் அனுப்பும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாசகரிடம் போகுமுன் நான் படிப்பேன், திருத்துவேன், அனுமதிப்பேன். என் பொறுப்பில் இருந்த பிரிவுக்கு நகர மாயக் காதல் என்று பெயர். பஸ் ஓடுகிற, வங்கி அட்டை வேலை செய்கிற சாதாரண ஊர்களில் ஜின்களும் ஓநாய் மனிதர்களும் இரத்தம் குடிக்கிறவர்களும் மனிதர்களோடு கலந்து வாழ்வார்கள். அவர்களில் ஒருவன் ஒரு மனிதப் பெண்ணைக் காதலிப்பான். ஏழு வருடமும் இதைத்தான் படித்தேன்.

முப்பது வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் சிரிப்பீர்கள். உண்மையில் ஓய்வு பெற்றது அந்த வேலைதான். இப்போது முதல் வாசிப்பை இயந்திரம் செய்கிறது. எனக்குப் பின் சேர்ந்த நான்கு பெண்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். “ராத்தா, நீங்க எப்பிடிப் பாத்தீங்க எண்டு எழுதிவைங்க. எங்களுக்கு ஒருத்தரும் செல்லித் தரல்ல” என்று என்னை அக்கா முறை வைத்து அவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அதற்கு முன் சாதாரண தரம் படித்த முதல் ஆளும் நான்தான். உம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவளும் நானே. இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படக்கூடிய விடயத்தைத் தாழ்வாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பயிற்சி இரண்டு கிழமை, பதினான்கு நாள். அதில் பாதி, கணினி மென்பொருள் எப்படித் திறப்பது என்பது. மற்றப் பாதி தாரணி மிஸ்.

அவர் என் மேலதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரு அத்தியாயத்தை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. முதல் முறை கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லையும் தொடாமல், வாசகியாக வாசிக்க வேண்டும். இரண்டாம் முறை சட்டத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். மூன்றாம் முறை தொலைபேசியில் அவருக்கு உரத்து வாசித்துக் காட்ட வேண்டும்.

சட்டத்தாள் என்பது ஒவ்வொரு தொடருக்கும் நாங்கள் வைத்திருந்த மூன்று நிரல் கொண்ட தாள். முதல் நிரலில் “அவனால் முடிந்தது”: பறப்பான், மனதை வாசிப்பான், ஆயிரம் வருடம் வாழ்வான். இரண்டாம் நிரலில் “அவனால் முடியாதது”: உப்பைத் தாண்ட மாட்டான், பொய் சொல்ல மாட்டான், கேட்காமல் வீட்டுக்குள் வர மாட்டான். இந்த இரண்டு நிரலையும் எந்த எழுத்தாளரும் நிரப்புவார். மூன்றாவது நிரல் தாரணி மிஸ்ஸுடைய கண்டுபிடிப்பு. அதன் தலைப்பு “அவள் சொன்னது”. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கதாநாயகி எதற்கு ஓம் என்றாள், எதற்கு வேண்டாம் என்றாள் என்பதை அவளுடைய வார்த்தையிலேயே அங்கே எழுத வேண்டும். அவள் கண்ணால் சொன்னாள், மௌனத்தால் சொன்னாள் என்றெல்லாம் எழுதினால் மிஸ் ஏற்க மாட்டார்.

நான் உரத்து வாசிக்கும்போது மறுமுனையில் அவர் இருப்பதே தெரியாது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். திடீரென்று “நில்லுங்கோ” என்பார். அந்த இடத்தில் ஏதோ பிழை. என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தியாயம் நன்றாக இருந்தால் பாராட்டும் கிடையாது. “அடுத்தது” என்பார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை கூடும். அவர் “தயவுசெய்து” என்று தொடங்கினால் கோபம் உச்சத்தில் என்று அர்த்தம்.

எங்கள் குசினியில் நின்று நான் வாசிப்பதை மீன் வெட்டிக்கொண்டிருக்கும் உம்மாவும் கேட்பா. அவவுக்கும் கருத்து இருக்கும். “அவன் அந்தரத்துல பறக்கிறவனெண்டா பிறகென்னத்துக்குகா பஸ்ஸுக்கு நிக்கிறான்?” என்று ஒருநாள் கேட்டா. மறுமுனையில் தாரணி மிஸ் முதன்முறையாகச் சிரித்தது அன்றுதான். அந்த பஸ் காட்சியை எழுத்தாளர் மாற்றவேண்டி வந்தது.

முதல் வருடத்தில் ஓர் ஓநாய் மனிதன் என் மேசைக்கு வந்தான். எழுதியவர் தமிழ்நாட்டில் இருந்த ஓர் ஆண். அந்த ஓநாய் மனிதன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் கதாநாயகியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பான். ஒன்பதாவது தடவை அவன் பிடித்த இடத்தை வாசிக்கும்போது “நில்லுங்கோ” வந்தது. “பிள்ளை, இந்தக் கைக்கு ஒருக்கால் எண்ணெய் தடவிவிடச் சொல்லுங்கோவன்” என்றார் மிஸ். நான் எழுத்தாளருக்கு மரியாதையாகக் குறிப்பு அனுப்பினேன். “சார், பொண்ணுங்களுக்கு அதுதான் சார் புடிக்கும், நீங்க ஆம்பளை, உங்களுக்குப் புரியாது” என்று பதில் வந்தது. அவர் என்னை ஆண் என்று நினைத்துவிட்டார்.

நாங்கள் குசினியில் சிரித்து முடித்த பிறகு நான் யோசித்தேன். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்த மணிக்கட்டுக் காட்சிகளில் வாசகிகள் இதயக் குறிகளை அள்ளிப் போட்டிருந்தார்கள். முதல் வாசிப்பில், கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கும்போது, எனக்கும் நெஞ்சு படபடத்தது. அதை மறைத்து என்ன பயன்? இந்தக் கதைகளை ஏன் பெண்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று தெரியாமல் இவற்றைத் திருத்த முடியாது.

பலமான ஆண் பிடிக்கும் என்பது பாதிப் பதில்தான். பலமான ஆண்கள் ஊரிலேயே போதியளவு இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் இரகசியமாகப் படிப்பதில்லை. நான் கண்டுபிடித்த மறுபாதி இது. எங்கள் ஊரில் ஒரு பெண் “வேண்டாம்” என்றால் அதன்பிறகுதான் பேச்சுத் தொடங்கும். மாமி வருவா, சாச்சி வருவா. “வேணாமெண்டா காரணத்தச் செல்லு” என்பார்கள். காரணம் சொன்னால் “இதெல்லாம் ஒரு காரணமா?” என்பார்கள். ஒரு கிழமையில் அந்த “வேண்டாம்” கரைந்து போகும். மாயக் கதையில் அப்படியில்லை. அங்கே அவளுடைய சொல்லுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. மின்கம்பத்தை விரலால் வளைப்பவன், கடலைப் பிளந்து வருபவன், அவள் ஓம் சொல்லாததால் வாசற்படியில் நிற்பான். அவன் எவ்வளவு பலசாலியோ அவ்வளவு உயரம் அவளுடைய சொல்லுக்கு. பலமில்லாதவன் வாசலில் நின்றால் அதில் என்ன இருக்கிறது? அதனால்தான் ஆயிரம் வருட ஜின் தேவைப்படுகிறான்.

மணிக்கட்டைப் பிடிக்கிற கதை வாசகியைக் கொஞ்ச நேரம் படபடக்க வைக்கும். வாசலில் நிற்கிற கதையை அவள் பத்து வருடம் கழித்தும் சொல்லுவாள். இதை நான் தாரணி மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் “அடுத்தது” என்றார்.

இனி நஸ்ரின் ராத்தாவின் கதைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நஸ்ரின் ராத்தா மருதமுனையில் கைத்தறி நெய்கிறவர். இரண்டு பிள்ளைகள். தறியின் பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு, நூல் அறுந்து முடிபோடும் நேரங்களில் ஒவ்வொரு வரியாக எழுதுவார். அவருடைய தொடரின் நாயகி சஹ்லா, கல்முனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். நாயகன் ஹாரிஸ், அதே தெருவில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் ஜின். செத்துப்போன கைபேசிகளை அவன் உள்ளங்கையில் வைத்தால் அவை மணியடிக்கும். ஜின் என்ற படைப்பு உண்டென்பது எங்கள் நம்பிக்கை. அவன் கல்முனையில் கைபேசிக் கடை வைத்திருப்பது நஸ்ரின் ராத்தாவின் கற்பனை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அறிவு எங்கள் வாசகிகளுக்கு இருந்தது.

ஹாரிஸின் இரண்டாம் நிரலில் ஒரேயொரு சட்டம்தான். ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் மூன்று தடவை சலாம் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து அவள் பதில் சொன்னால் நுழையலாம். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விட வேண்டும். இது யார் வீட்டுக்குப் போனாலும் நாங்கள் பார்க்கிற சாதாரண ஒழுங்குதான். நஸ்ரின் ராத்தா அதை எடுத்து ஒரு ஜின்னின் கழுத்தில் போட்டுவிட்டார். அவன் அவளுடைய வாசலில் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போன அத்தியாயங்கள் மட்டும் ஏழு. எட்டாவதில் அவள் பதில் சொன்னபோது எங்கள் குசினியில் உம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டா.

நாற்பதாம் அத்தியாயத்தில் நிக்காஹ் முடிந்தது. ஹாரிஸ் ஒரு பையோடு சஹ்லாவின் வீட்டுக்குக் குடிவந்தான். நான் வாசித்தேன், அனுமதித்தேன். தாரணி மிஸ் “அடுத்தது” என்றார். உம்மாவிடம் இருந்தும் கேள்வி வரவில்லை.

மறுநாள் கருத்துப் பெட்டியைத் திறந்தேன். தமிழ்நாட்டு வாசகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். “ஆயிரம் வருஷ ஜின்னு, கடைசியில வீட்டோட மாப்பிள்ளையா?” என்று ஒருவர். “புலின்னு நெனைச்சு நாப்பது அத்தியாயம் படிச்சோம், மாமியார் வீட்டுப் பூனையாம்” என்று இன்னொருவர். “மானம் இல்லையாடா ஹாரிஸு?” என்று மூன்றாமவர். எனக்கு முதலில் என்ன பிழையென்றே விளங்கவில்லை. எங்கள் கரையில் மகளுக்குத்தான் வீடு. கல்யாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். வாப்பா அப்படித்தான் வந்தார். தெருவில் உள்ள எல்லா ஆண்களும் அப்படித்தான் வந்தார்கள். உம்மாவிடம் சொன்னேன்.

“பின்ன மாப்பிள எங்ககா போறது? தெருவிலயா நிக்கிற?” என்றா.

வீட்டோடு மாப்பிள்ளை என்பது இன்னோர் ஊரில் வசைச்சொல் என்று எனக்கோ நஸ்ரின் ராத்தாவுக்கோ தோன்றவே இல்லை. யாழ்ப்பாணத்திலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதால் தாரணி மிஸ்ஸும் தடுக்கவில்லை. மூன்று முறை வாசித்தும் தவறவிட்டோம். எங்களுக்கு அது காற்று மாதிரி, கண்ணில் படவில்லை.

பகல் ஒரு மணிக்குள் விளம்பரப் பிரிவுப் பொறுப்பாளரின் உத்தரவு வந்தது. வாசகர்களில் பெரும்பகுதி கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் ஹாரிஸ் சஹ்லாவைத் தன் மாளிகைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இல்லையென்றால் ஐந்து அத்தியாயத்தில் தொடர் முடிக்கப்படும். இந்த எழுத்தாளரிடம் அடுத்த தொடர் வாங்கப்படாது.

அன்று செவ்வாய். நான் நஸ்ரின் ராத்தாவுக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் தேவையான மாற்றம் செய்யும் உரிமை எங்களுக்கு இருந்தது. அதைவிட, எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. அவர் தறியில் இருப்பார், பிள்ளைகளைப் பார்ப்பார், ஏன் தொந்தரவு, நானே காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்தேன். நாற்பத்தோராம் அத்தியாயத்தை நானே எழுதினேன். தூங்கும் சஹ்லாவை ஹாரிஸ் பூவைப்போல் கையில் ஏந்துகிறான். கல்முனைக் கடலுக்கு மேலே பறக்கிறான். மேகங்களுக்கு அப்பால் பளிங்கு மாளிகை. அவள் கண் விழிக்கும்போது ஆயிரம் விளக்குகள். நன்றாக எழுதியிருந்தேன். இன்றைக்கும் அதில் இரண்டு வரி எனக்குப் பிடிக்கும்.

எழுதி முடித்து “தயார்” என்று குறியிட்டுவிட்டு, புதன்கிழமை காலை மிஸ்ஸுக்கு வாசித்தேன். மேகத்துக்கு மேலே ஹாரிஸ் ஏறியபோது குரல் வந்தது.

“நில்லுங்கோ.”

நின்றேன்.

“மூண்டாவது நிரலை வாசியுங்கோ.”

தாளைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. “அவ நித்திர மிஸ்” என்றேன். சொல்லி முடிக்குமுன் என் காது சூடாகிவிட்டது.

“நஸ்ரினிட்டைக் கேட்டனீங்களோ?”

“இல்ல மிஸ்.”

“தயவுசெய்து கேளுங்கோ. போனில வேண்டாம். நேர போங்கோ.”

சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கல்முனை, பாண்டிருப்பு தாண்டி மருதமுனை. அரை மணித்தியாலமும் இல்லாத தூரம். இரண்டு வருடம் அவருடைய எழுத்தைத் திருத்தியும் நான் அவரைப் பார்க்கப் போனதில்லை. பஸ்ஸில்தான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. “தயார்” என்று குறியிட்டால் அத்தியாயம் எழுத்தாளரின் பக்கத்திலும் தெரியும். அவர் இதற்குள் பார்த்திருப்பார்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தறிச்சத்தம் வெளிவாசல் படலை வரைக்கும் வந்தது. நான் வாசலில் நின்று சலாம் சொன்னேன். என் பெயரையும் சொன்னேன்.

தறி நின்றது. பதில் வரவில்லை.

இரண்டாம் தடவை சொன்னேன். உள்ளே யாரோ செருமியதுபோல் இருந்தது. மூன்றாம் தடவையும் சொன்னேன். ஒன்றுமில்லை. கதவு திறந்துதான் இருந்தது. திரைச்சீலைக்குக் கீழே அவருடைய கால்கள்கூடத் தெரிந்தன. இன்னொரு தடவை கூப்பிட வாய் வந்தது. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மூன்றுக்கு மேல் கிடையாது. திரும்பி நடந்தேன்.

சந்திக்குக் கிட்டப் போனபோது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர்.

“தங்கச்சி, நீங்கதானே அந்த எடிட்டர்? நான் நஸ்ரின்ட மாப்பிள. உங்களக் கூட்டிட்டு வரட்டாம்.”

“அவ பதில் செல்லல்லையே காக்கா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

“ஓம். மூணு தரம் செல்லிப்போட்டுத் திரும்பிப் போனாவெண்டா கூப்பிடு, நாலாம் தரம் சத்தம் வெச்சாவெண்டா கதவச் சாத்து எண்டு செல்லியிரிந்தா” என்று சிரித்தார். “உங்களுக்கு மட்டுமில்ல. இந்தக் கத தொடங்கினதுல இரிந்து எனக்கும் அதே சட்டம்தான். சலாம மறந்தா தேத்தண்ணி இல்ல.”

அவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக முன்னால் ஓட்ட, நான் பின்னால் நடந்து போனேன். நஸ்ரின் ராத்தா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். மெல்லிய ஆள், கூரிய கண். என்னை உட்காரச் சொன்னார். தேத்தண்ணியும் வந்தது. அதன்பிறகுதான் தொடங்கினார்.

“எண்ட புள்ளய நித்திரையோட தூக்கிட்டுப் போயிட்டீங்களே தங்கச்சி.”

“தொடர நிப்பாட்டப் போறாங்க ராத்தா. வெள்ளிக்கிழமைக்குள்ள…” என்று நடந்ததெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“அவ எழும்பக்குள்ள தலமாட்டுல இரிக்கிற சுவர்கூட அவக்குத் தெரியாது. மருந்துக்கடைக்கு எத்தின மணிக்குப் போறது? மேகத்துல இரிந்து பஸ்ஸா போகுது? நான் நாப்பது அத்தியாயமா அவக்கு ஒரு வேல எடுத்துக் குடுத்து, வாசல் வெச்சுக் குடுத்து, அந்த வாசல்ல ஒரு ஜின்ன நிக்க வெச்சேன். நீங்க ஒரு பந்தியில எல்லாத்தயும் பறிச்சிட்டீங்க.”

“நல்லதுக்கெண்டுதான் ராத்தா.”

“அந்த ஹாரிஸும் நல்லதுக்குத்தானே தூக்கினான்?”

மேகத்துக்கு மேலே நான் எழுதிய ஆள் யார் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. “எண்ட பிழை ராத்தா. கேக்காம உள்ளுக்கு வந்திட்டன்” என்றேன்.

அவர் அறுந்த நூலொன்றை எடுத்து முடிபோடத் தொடங்கினார். “நிப்பாட்டினா நிப்பாட்டட்டும் எண்டு செல்ல எனக்கு ஆசதான். ஆனா எனக்கு அது நிக்கிறது விருப்பமில்ல தங்கச்சி. நான் நெய்யிற சாரத்துல எண்ட பேர் இல்ல. இதுல மட்டும்தான் இரிக்கி.” முடியை இழுத்து இறுக்கினார். “அதுக்காக அவ நித்திரயில போகவும் மாட்டா.”

அவர் கேட்டது இவ்வளவுதான்: தொடர் இடையில் நிற்கக் கூடாது, அவருடைய முடிவில்தான் முடிய வேண்டும். வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது.

வாசலில் நின்ற அவருடைய கணவர் தலையை நீட்டினார். “எனக்கொண்டு விளங்கல்ல. வீட்டோட மாப்பிள, வீட்டோட மாப்பிள எண்டு ஏசுறாங்களே. எல்லா மாப்பிளயும் வீட்டோடதானே இரிப்பான்?”

நஸ்ரின் ராத்தா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். “இதயே கேக்க வைப்பமா ராத்தா?” என்றேன்.

“ஆர?”

“ஹாரிஸ்ட உம்மாவ.”

அவர் முகம் மெல்ல விரிந்தது. தறியை மிதிக்கத் தொடங்கினார். மிதித்துக்கொண்டே அவர் சொல்ல, நான் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன். இரண்டு இடத்தில் என் சொல்லை அவர் வெட்டினார். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்ல முன் அத்தியாயம் முடிந்துவிட்டது.

புதிய நாற்பத்தோராம் அத்தியாயத்தில் ஜின்களின் அரசி, ஹாரிஸின் தாய், மகனை மீட்க மேகத்திலிருந்து இறங்குகிறாள். தெருவில் மின்சாரம் போகிறது, கூரைத் தகடுகள் ஆடுகின்றன. ஆனால் சஹ்லாவின் படலையைத் தாண்ட முடியவில்லை. அவளுக்கும் அதே சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை சலாம் சொல்கிறாள். மூன்றாவதுக்குச் சஹ்லாவின் உம்மா பதில் சொல்கிறா. இரண்டு தாய்மாரும் கதைக்கிறார்கள்.

“என் மகனுக்கு ஆயிரம் அறை கொண்ட மாளிகை இருக்கிறது. அவன் எதற்காக இந்த மூன்று அறைக்குள்?”

“உங்கட ஊர்ல கலியாணம் முடிச்சா பொண்ணு எங்க போவா?”

“மாப்பிள்ளை வீட்டுக்கு.”

“போன இடத்துல ரெண்டு பேருக்கும் சண்ட வந்தா?”

“அவள் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவாள்.”

“இஞ்ச சண்ட வந்தா அவன்தான் பையத் தூக்குவான். அதனால சண்ட வாறது குறைவு.”

அரசி வெகுநேரம் யோசிக்கிறாள். பிறகு தேத்தண்ணிக்குச் சீனி குறைவாகப் போடச் சொல்கிறாள்.

வியாழக்கிழமை தாரணி மிஸ்ஸுக்கு வாசித்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு “நில்லுங்கோ” வரவில்லை. முடித்ததும் அவர் கேட்குமுன்னே மூன்றாம் நிரலையும் வாசித்தேன். அதில் சஹ்லாவின் வாயிலிருந்து வந்த ஒரு வரி இருந்தது: “நான் இஞ்சதான் இரிப்பன், அவர் விரும்பினா அவரும் இரிக்கலாம்.” மிஸ் “அடுத்தது” என்றார். விளம்பரப் பிரிவோடு அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசினார், பதினொரு தடவை “தயவுசெய்து” சொன்னார் என்று அலுவலகத்தில் இருந்த ஒருவர் பிறகு சொன்னார்.

தொடர் நிற்கவில்லை. ஆனால் முகப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். கணிசமான வாசகர்கள் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. தங்கியவர்கள் வேறு மாதிரி எழுதத் தொடங்கினார்கள். மதுரைப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: “எங்க வீட்டுல பையத் தூக்குறது நான்தான். பதினஞ்சு வருஷத்துல நாலு தடவை. உங்க ஊருக்கு எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்க.” அறுபதாம் அத்தியாயத்தில், நஸ்ரின் ராத்தா நினைத்த இடத்தில், நினைத்தபடி கதை முடிந்தது.

எங்கள் கரையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். அதை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று தீர்மானிக்கும் பேச்சில் அவளுடைய குரல் கடைசியாக வரும் வீடுகள் எனக்குத் தெரியும். வீடு கட்டி முடியாததால் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்களையும் தெரியும். கூரை ஏறாமல் நிற்கும் என்னுடைய வீட்டைக் காட்டி மாமி பெருமூச்சு விடுவா. சட்டத்தாளில் எழுதியது ஊரில் அப்படியே நடப்பதில்லை. நடந்திருந்தால் அதைக் கதையில் தேடி வாசிக்க ஆள் இருக்காது.

தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு எழுத்தாளரைக் கேட்காமல் நான் ஒரு வரியையும் மாற்றவில்லை. அதனால் வேலை இரட்டிப்பானது. சிலர் என்னோடு சண்டை பிடித்தார்கள். சிலரின் பிழைகள் அப்படியே போயின. ஆனால் என் மேசையைத் தாண்டிப் போன எந்தக் கதாநாயகியும் நித்திரையில் தூக்கப்படவில்லை.

இயந்திரம் வந்தபோது அதன் படிவத்தைப் பார்த்தேன். அது என்னைவிட வேகமாக வாசிக்கிறது. ஒரே சொல் எத்தனை தடவை வந்தது என்று நொடியில் சொல்கிறது. மணிக்கட்டுக்காரரை அது முதல் நாளே பிடித்திருக்கும். ஆனால் படிவத்தில் இரண்டு நிரல்தான் இருந்தன. மூன்றாவதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை என்று பதில் வந்தது. அன்று மாலையே விலகல் கடிதம் எழுதினேன். அதையும் தாரணி மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் இடையில் நிறுத்தவில்லை.

ஏழு வருடத்தில் கற்றதை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க எனக்கு உத்தேசமில்லை. நஸ்ரின் ராத்தாவின் இரண்டாவது கதையை எந்தச் செயலிக்கும் கொடுக்காமல் நேரே புத்தகமாகப் போடுகிறேன். பதிப்பாளர் நான்தான். கல்முனையில் ஓர் அச்சகத்தோடு பேசி முடித்துவிட்டேன். ஒப்பந்தத்தை நானே எழுதினேன், ஒரே பக்கம், யாருக்கும் விளங்கும் தமிழில். எழுத்தாளரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் மாற்றப்படாது. அவசரமான சந்தர்ப்பத்தில் மட்டும் பதிப்பாளர் தீர்மானிக்கலாம் என்று போட்டிருந்தேன்.

முந்தாநாள் நஸ்ரின் ராத்தாவிடமிருந்து அது திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது. கூடவே, அந்த வாக்கியத்தின் பின்பாதியை நீலப் பேனையால் ஒரே கோட்டில் வெட்டியிருந்தார். ஓரத்தில் எழுதியிருந்தார்: “அவசரம் எண்டு செல்லித்தான் எல்லாரும் வாறாங்க, தங்கச்சி.”

வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்து வைத்து, நேற்றுக் காலை அவருடைய கதையை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.